வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம்: குழந்தைக்குப் பாதிப்பு வருமா?

தேன்மொழி (கரூர்):
என் நாத்தனாருக்கு 24 வயது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது முதல் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து சோடியம் வால்ப்ரோயேட், காலை 500, இரவு 500 மில்லிகிராம். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக வலிப்பே இல்லை. தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். போன வாரம் மாத்திரை வாங்கப் போனபோது பேச்சுவாக்கில் கல்யாணச் செய்தியைச் சொன்னேன். கடைக்காரர் சில்லறையை எண்ணுவதை நிறுத்திவிட்டு, "டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா? கர்ப்பத்துக்கு ஆகாத மாத்திரை இது" என்றார்.

இத்தனை ஆண்டுகளில் எந்த டாக்டரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் மாமியாரோ, "கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் நிறுத்திவிட்டால் போயிற்று, மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியாது, குழந்தைக்கும் ஆபத்தில்லை" என்கிறார். நிறுத்தலாமா? உண்மையிலேயே எவ்வளவு ஆபத்து? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீட்டுமணி:
நானும் மருந்துக் கடைதான் வைத்திருக்கிறேன். விவரமெல்லாம் டாக்டர்கள் வந்து எழுதட்டும். அதற்குள் ஒரே ஒரு வார்த்தை: நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே உலை வைத்துவிடும். உங்கள் ஊர்க் கடைக்காரர் நல்ல மனிதர். அவரை விட்டுவிடாதீர்கள்.

பசுமைநேசன்:
இங்கிலீஷ் மருந்து என்றாலே இப்படித்தான். தாலிடோமைடு என்று ஒன்றைத் தூக்கத்துக்கும் வாந்திக்கும் கொடுத்தார்கள். கையில்லாமல், காலில்லாமல் ஆயிரக்கணக்கில் குழந்தைகள் பிறந்தன. கம்பெனிக்காரன் கல்லாவைக் கட்டினான். அந்தக் காலத்தில் நம் பாட்டிமார் மாத்திரை தின்றா பிள்ளை பெற்றார்கள்? இரசாயனத்தை விட்டுவிட்டு மூலிகைக்கு மாற்றுங்கள். வலிப்பையும் உணவால் சரி செய்துவிடலாம்.

வைகைவாசி:
அரசு மருத்துவமனை ஒன்றில் நரம்பியல் பார்ப்பவன். பசுமைநேசனுக்கான பதிலைப் பிறகு சொல்கிறேன், முதலில் தேன்மொழிக்கு.

கடைக்காரர் சொன்னது சரி. கர்ப்பத்தில் ஆகாத வலிப்பு மருந்துகளில் முதலிடம் வால்ப்ரோயேட்டுக்குத்தான். எந்த மருந்தும் சாப்பிடாத பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் 100க்கு 2, 3 பேருக்குப் பெரிய பிறவிக் குறை ஏதேனும் இருக்கும். வால்ப்ரோயேட் சாப்பிட்டவர்களிடம் அது சுமார் 10. பல நாட்டு கர்ப்பிணிகளைச் சேர்த்துக் கணக்கெடுத்த யூராப் பதிவேட்டின் 2018ஆம் ஆண்டு அறிக்கையில் அளவு வாரியாகவே போட்டிருக்கிறார்கள். நாளுக்கு 650 மில்லிகிராம் வரை என்றால் 6.3 சதவீதம். 650க்கு மேல் 1450 வரை 11.3. அதற்கும் மேலே போனால் 25.2. உங்கள் நாத்தனார் சாப்பிடும் 1000 நடுக்கட்டத்தில் வருகிறது. அதே அறிக்கையில் வேறு வலிப்பு மருந்துகளான லெவெடிரசெட்டாம் 2.8, லாமோட்ரிஜின் 2.9, அதாவது மருந்தே சாப்பிடாதவர்களுக்கு வருவதை ஒட்டியே.

குறை என்றால் என்ன குறை? முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போவது, இதயத்தில் ஓட்டை, அண்ணப் பிளவு. இவற்றில் பல ஸ்கேனில் தெரியும். ஸ்கேனில் தெரியாத ஒன்றும் உண்டு. இந்த மருந்தில் வளர்ந்த குழந்தைகளில் 30 முதல் 40 சதவீதம் பேருக்குப் பேச்சு, நினைவாற்றல், கவனம் ஆகியவற்றில் பின்தங்கல் வருகிறது, ஆட்டிசமும் கூடுதல். ஆறு வயதில் அறிவுத்திறன் சோதனை வைத்துப் பார்த்த ஆய்வில், லாமோட்ரிஜின் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள் சராசரி 108 எடுத்தார்கள். வால்ப்ரோயேட் குழந்தைகள் 97.

"கர்ப்பம் என்று தெரிந்ததும் மாற்றிக்கொள்கிறோம்" என்பார்கள். அங்கேதான் தவறிவிடுகிறது. மூளையும் முதுகுத்தண்டும் ஆக வேண்டிய நரம்புக் குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடும். கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் ஆறு வாரம். நாள் தள்ளிப்போய், நான்கு நாள் பொறுத்துப் பார்த்து, வீட்டிலேயே சோதித்து, டாக்டரிடம் நாள் வாங்கி உள்ளே நுழையும்போது அந்த ஆறு வாரம் முடிந்திருக்கும். ஆகவே பேச்சைக் கல்யாணத்துக்கு முன்னால்தான் பேச வேண்டும். உங்களுக்கு இன்னும் மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது, அதைத்தான் நல்ல செய்தி என்கிறேன்.

ஒரு கேள்வி. அந்தப் பெண்ணுக்குக் காலையில் எழுந்தவுடன் கை வெட்டி இழுத்து, காபி டம்ளர் கைநழுவுவது உண்டா?

தேன்மொழி (கரூர்):
உண்டு டாக்டர்! மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் பல் துலக்கும் பிரஷ் பறந்துபோய் விழும். அரைத்தூக்கம் என்று வீட்டில் திட்டுவார்களாம். இப்போதும் சரியாகத் தூங்காத நாட்களில் லேசாக உதறும். இது எதற்கு?

வைகைவாசி:
பதின்ம வயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்புக்கு அது அடையாளம். மூளைமின் வரைவை (ஈ.ஈ.ஜி.) பார்க்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன். அந்த வகைக்கு வால்ப்ரோயேட் மிக நன்றாகக் கேட்கும். அதனால்தான் ஆரம்பத்தில் கொடுத்திருப்பார்கள். மாற்று தேடும்போதும் வகை முக்கியம்: லாமோட்ரிஜின் சிலருக்கு இந்தக் கை உதறலை அதிகமாக்கிவிடும். லெவெடிரசெட்டாம் பெரும்பாலும் ஒத்துவரும், கோபமும் எரிச்சலும் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுவதும் ஒரு நாள் வேலை அல்ல. புதியதை ஏற்றி, பழையதை இறக்கி, வலிப்பு வராமல் நிற்கிறதா என்று சில மாதங்கள் பார்க்க வேண்டும். லாமோட்ரிஜினை வால்ப்ரோயேட்டுடன் சேர்த்து வேகமாக ஏற்றினால் தோல் கொப்பளித்து உரியும் ஆபத்தான ஒவ்வாமை வரலாம். ஆகவே எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று இந்த இழையில் யாரும் எழுத வேண்டாம், நான் உட்பட.

கல்யாணத்துக்கு இன்னொன்று. இந்த வகை வலிப்புக்குத் தூக்கம் கெடுவதுதான் முதல் எதிரி. நான்கரை மணி முகூர்த்தம் என்று இரவு முழுக்க மண்டபத்தில் விழிக்க வைக்காதீர்கள். ஒன்பது மணி முகூர்த்தம் கிடைத்தால் அதையே பிடியுங்கள்.

பசுமைநேசனுக்கு: தாலிடோமைடு பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் பாட்டிமார் காலத்தில் குறையோடு பிறந்த குழந்தைகளையும், வலிப்பு வந்து கிணற்றிலும் அடுப்பிலும் விழுந்த பெண்களையும் யார் கணக்கெடுத்தார்கள்? மூலிகை என்பதாலேயே கருவுக்குத் தீங்கில்லை என்றும் ஆகிவிடாது. ஈயமும் பாதரசமும் கலந்த சூரணங்களைச் சாப்பிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கண்மணி_தென்காசி:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுகிறேன்.

எனக்கு வலிப்பு கிடையாது. ஒற்றைத் தலைவலி. கல்லூரி முடித்த காலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வால்ப்ரோயேட் எழுதிக் கொடுத்தார்கள். தலைவலி நின்றது, நானும் தொடர்ந்தேன். அது வலிப்புக்கான மருந்து என்பதுகூட எனக்குத் தெரியாது. கல்யாணமானது, கர்ப்பமானேன். ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்த பெண் பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். குழந்தையின் முதுகின் கீழ்ப்பகுதியில் எலும்பு மூடவில்லை.

"கிரகணத்தன்று வெளியே வந்தாயா, காய் நறுக்கினாயா?" என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. நான் வரவில்லை, நறுக்கவில்லை. நறுக்கியிருந்தாலும் இதற்குச் சம்பந்தமில்லை என்று இன்று தெரியும். அன்று அந்தப் பதிலைச் சொல்லத் தெரியாமல் நின்றேன். மருந்துதான் காரணமாக இருக்கலாம் என்று வேறு ஊர் டாக்டர் ஒருவர் பழைய சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

என் மகனுக்குப் பிறந்த மூன்றாம் நாளே அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நான்காம் வகுப்பு. காலில் கேலிப்பர் போட்டு நடக்கிறான், சிறுநீர்க் குழாய் வைப்பதை அவனே கற்றுக்கொண்டிருக்கிறான், கணக்கில் சூரன். பரிதாபப்பட்டு யாரும் பதில் எழுத வேண்டாம். தலைவலிக்கும், மனநலப் பிரச்சினைக்கும் இந்த மாத்திரை சாப்பிடும் பெண்கள் இருக்கிறார்கள். வலிப்பு என்ற சொல்லைப் பார்த்து "நமக்கில்லை" என்று இந்த இழையைக் கடந்து போய்விடக் கூடாது என்றுதான் எழுதினேன்.

வைகைவாசி:
கண்மணி அம்மா சொன்னதோடு டோபிராமேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒற்றைத் தலைவலிக்குத் தாராளமாக எழுதப்படுகிறது, எடை குறையும் என்பதால் விரும்பிக் கேட்பவர்களும் உண்டு. உதட்டுப் பிளவு, எடை குறைந்த குழந்தை ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது. கூடவே, சில கருத்தடை மாத்திரைகளின் வீரியத்தையும் அது குறைத்துவிடும். கார்பமசெபின், பெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்துகளும் கருத்தடை மாத்திரையை அப்படித்தான் குறைக்கும். மாத்திரையை நம்பி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கதிரவன்.செ:
எனக்கு ஒன்று புரியவில்லை. தாலிடோமைடு நடந்து அறுபது ஆண்டு ஆகிறது. அதற்குப் பிறகு சட்டங்கள் எல்லாம் வந்தனவே. அப்புறம் எப்படி வால்ப்ரோயேட் வந்தது?

பழங்கணக்கு:
நல்ல கேள்வி. தாலிடோமைடு கதையைச் சரியாகத் தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைக்கும்.

மேற்கு ஜெர்மனியின் ஸ்டோல்பெர்க் ஊரில் கிருனெந்தால் என்ற கம்பெனி. 1957 அக்டோபர் 1 அன்று கான்டெர்கான் என்ற பெயரில் மருந்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. சீட்டே இல்லாமல் வாங்கலாம். விற்பனை தொடங்குவதற்குப் பத்து மாதம் முன்பே, 1956 கிறிஸ்துமஸ் அன்று, அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவருக்குக் காதுகள் இல்லாத பெண் குழந்தை பிறந்தது. மாதிரி மாத்திரைகளை அவர் கர்ப்பிணி மனைவிக்காக வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. பிரிட்டனில் 1958 ஏப்ரலில் டிஸ்டில்லர்ஸ் என்ற சாராயக் கம்பெனி டிஸ்டாவல் என்ற பெயரில் விற்றது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் முழுப் பாதுகாப்பு என்று விளம்பரம் வேறு.

ஹாம்பர்க் குழந்தை மருத்துவர் விடுகின்ட் லென்ஸ் வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் கேட்டார். என்ன சாப்பிட்டீர்கள், எந்த மாதம், எத்தனை? தூக்க மாத்திரையை மருந்தாகவே நினைக்காத பெண்கள் முதலில் சொல்லவில்லை, இரண்டாம் முறை கேட்டபோது சொன்னார்கள். 1961 நவம்பர் 15 அன்று கம்பெனிக்குப் போன் செய்தார். மூன்று நாள் கழித்து டுசெல்டோர்ஃபில் மருத்துவர் கூட்டத்தில் எழுந்து பேசினார். அந்த மாதக் கடைசிக்குள் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆஸ்திரேலியாவில் மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் இதே சந்தேகத்தை எழுப்பி எழுதிய சிறு கடிதம் டிசம்பரில் லான்செட் இதழில் வந்தது. ஜப்பானில் மட்டும் 1962 செப்டம்பர் வரை விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் பிறந்த குழந்தைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. மொத்தம் 46 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள்.

லென்ஸ் கண்டுபிடித்ததில் என்னை அதிகம் உலுக்கியது கால அட்டவணைதான். கடைசி மாதவிடாயிலிருந்து 34ஆம் நாள் தொடங்கி 50ஆம் நாள் வரைதான் ஆபத்து. அதன் தொடக்கத்தில் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்குக் காது இல்லை, சில நாள் தள்ளிச் சாப்பிட்டவர்களுக்குக் கை, இன்னும் தள்ளி என்றால் கால். 50ஆம் நாளுக்குப் பிறகு சாப்பிட்டவர்களுக்கு உறுப்புக் குறை இல்லாத குழந்தைகள் பிறந்தன.

அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் துறையில் இருந்த பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி கையெழுத்துப் போட மறுத்தார். 1960 செப்டம்பரில் விண்ணப்பம் வந்தது. அவர் அந்த வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே விற்க அனுமதி கேட்ட அமெரிக்கக் கம்பெனியின் ஆட்கள் நேரிலும் போனிலும் கிட்டத்தட்ட ஐம்பது முறை நெருக்கினார்கள். நரம்பு மரத்துப்போவதாகப் பிரிட்டனிலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவர் ஆதாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கருவைப் பற்றியும் கேட்டார். ஆனாலும் 'ஆய்வு' என்ற பெயரில் கம்பெனி ஆயிரத்துக்கு மேற்பட்ட டாக்டர்களுக்கு 25 லட்சம் மாத்திரைகளை ஏற்கெனவே கொடுத்திருந்தது. 1962இல் கென்னடி அவருக்கு விருது கொடுத்தார். மருந்து வேலை செய்கிறது என்பதை நிரூபித்தால்தான் அனுமதி என்ற சட்டமும் அந்த அக்டோபரில் வந்தது.

இப்போது கதிரவனின் கேள்வி. தாலிடோமைடு போட்ட தடயம் வேறு எதனாலும் எளிதில் வராதது. கையில்லாத குழந்தைகள் வரிசையாகப் பிறந்தால் குருடனுக்கும் தெரியும். வால்ப்ரோயேட் 1967இல் பிரான்சில் வந்தது. அது தருவது, வேறு காரணங்களாலும் வரும் குறைகள். எட்டு வயதில் ஒரு பையன் பாடத்தில் பின்தங்கினால், அவன் அம்மா சாப்பிட்ட மாத்திரையை யார் நினைப்பார்கள்? எண்ணிக் கணக்கிட ஒரு பதிவேடு இருந்தால் மட்டுமே வெளிச்சத்துக்கு வரும். அது இருபது, முப்பது ஆண்டு வேலை.

ஆய்வுக்கூடத்தான்:
மேலே உள்ளதற்கு ஒரு சேர்க்கை. விலங்குகளில் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எலியில் சோதித்திருந்தால் தெரிந்திருக்காது. தாலிடோமைடு உடலில் செரிப்ளான் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று 2010இல்தான் ஜப்பானில் ஹிரோஷி ஹண்டா குழுவினர் கண்டுபிடித்தார்கள். ஒட்டியதும் அந்தப் புரதம் தன் வேலையை மறந்து, அழிக்கக் கூடாத வேறு புரதங்களை அழிக்கத் தொடங்கும். கைகால் வளரத் தேவையான சால்4 என்ற புரதம் அப்படி அழிவதில் ஒன்று. எலியின் செரிப்ளான் சற்றே வேறு மாதிரி, அதனால் எலிக்குட்டிகள் நன்றாகவே பிறக்கின்றன. முயலில் பாதிப்பு தெரியும். ஆகவேதான் இன்று கருப் பாதிப்புச் சோதனைக்கு எலி இனம் ஒன்று, எலி அல்லாத இனம் ஒன்று என இரண்டு கேட்கிறார்கள், இரண்டாவது பெரும்பாலும் முயல்.

பருத்தித்துறையான் (லண்டன்):
வணக்கம். நான் இங்கே ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். பிரிட்டனில் 2018 தொடக்கம், பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் கொடுப்பதென்றால் கர்ப்பத் தடுப்புத் திட்டத்தில் சேர்த்த பிறகுதான் கொடுக்கலாம். ஒவ்வொரு வருடமும் வைத்தியரும் அந்தப் பெண்ணும் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். 2020இல், அரசு அமைத்த விசாரணைக்குத் தலைமை தாங்கிய கம்பர்லெஜ் அம்மையாரின் அறிக்கை வந்தது. தாய்மார் எத்தனை வருடமாகச் சொல்லியும் யாரும் காது கொடுக்கவில்லை என்பதை அது பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. 2024 ஜனவரி தொடக்கம் 55 வயதுக்குக் கீழே ஆண், பெண் எவருக்கும் புதிதாகத் தொடங்குவதென்றால் இரண்டு விசேட வைத்தியர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2023 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் இந்தக் குளிசையை முழுப் பெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும். பெட்டியில் கர்ப்பிணிப் பெண் படமும் எச்சரிக்கையும், உள்ளே துண்டுப்பிரசுரமும் இருக்கும். பிரித்துக் கொடுத்தால் அவை போய்விடும். ஊருக்கு வரும்போது பார்க்கிறேன், இந்தியாவிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிப் பத்துக் குளிசை தருகிறார்கள்.

சீட்டுமணி:
அண்ணா சொல்வது உண்மை. பத்து மாத்திரை கேட்பவரிடம் முழுப் பெட்டி வாங்கு என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கையில் அன்றைய கூலி மட்டும் இருக்கும். வெட்டும்போது மருந்தின் பெயர் இருக்கும் பகுதி ஒருவருக்கும், காலாவதித் தேதி இருக்கும் பகுதி இன்னொருவருக்கும் போகும். எச்சரிக்கைத் தாள் பெட்டியோடு கடையிலேயே கிடக்கும். அதிலும் எழுத்து எறும்பளவு, அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் ஒரு படம் போட்ட ஒட்டுவில்லை கொடுத்தால் நானே ஒவ்வொரு அட்டையிலும் ஒட்டித் தருவேன்.

பழங்கணக்கு:
படத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள் மணி. தாலிடோமைடு தொழுநோய்ப் புண் வீக்கத்துக்கு நன்றாகக் கேட்கிறது என்று 1964இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் கண்டதிலிருந்து அது மறுபடி புழக்கத்துக்கு வந்துவிட்டது. இன்று எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் பயன்படுகிறது. பிரேசிலில் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்த அட்டையில் கர்ப்பிணிப் பெண்மீது குறுக்குக்கோடு போட்ட படம் இருந்தது. சிலர் அதைப் பார்த்துவிட்டுக் கருத்தடை மாத்திரை என்று எடுத்துக்கொண்டார்கள். உலகம் முழுவதும் நிறுத்தியபின், அங்கே மறுபடியும் கையில்லாத குழந்தைகள் பிறந்தன. வாய் திறந்து ஒருவர் சொல்லியாக வேண்டும்.

தேன்மொழி (கரூர்):
நரம்பியல் டாக்டரைப் பார்த்துவிட்டோம். வைகைவாசி ஐயா சொன்ன வகைதான் என்று மூளைமின் வரைவு பார்த்துச் சொன்னார். மருந்தைப் படிப்படியாக மாற்றப் போகிறார். போலிக் அமிலம் 5 மில்லிகிராம் இப்போதே ஆரம்பிக்கச் சொன்னார். அதைச் சாப்பிட்டால் வால்ப்ரோயேட்டையே தொடரலாமா என்று மாமியார் கேட்டதற்கு, "அது இந்த ஆபத்தை அழிக்காது அம்மா" என்றார். மாற்றம் நிலைக்கும்வரை குழந்தை வேண்டாம் என்பதையும் மாப்பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும் என்றார். அங்கேதான் வீட்டில் சண்டை. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று மாமியார் அழுகிறார்.

முத்துலட்சுமி.வ:
நான் குடும்ப நீதிமன்ற வழக்குகள் பார்ப்பவள். வலிப்பு இருந்தால் கல்யாணமே செல்லாது என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு சொல் இருந்தது. 1999 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். ஆகவே வலிப்பு குற்றமல்ல, குறையும் அல்ல. ஆனால் மறைத்தால், ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று வழக்குப் போட இடம் கொடுக்கிறீர்கள். மறைத்த வீட்டில் அந்தப் பெண் மாத்திரையை எங்கே வைப்பாள்? புடவை மடிப்பில் ஒளித்து, குளியலறையில் விழுங்கி, ஒருநாள் விட்டுப்போய், தலைதீபாவளியில் வலிப்பு வந்து விழுந்த பெண்ணின் வழக்கை நான் நடத்தியிருக்கிறேன். முன்னாலேயே சொல்லுங்கள்.

பசுமைநேசன்:
சொன்னால் எந்த மாப்பிள்ளை கட்டுவான்? ஊர் உலகம் தெரியாமல் பேசாதீர்கள்.

கண்மணி_தென்காசி:
தெரிந்து கட்டுகிறவன் கட்டட்டும் ஐயா. தெரியாமல் கட்டியவரோடு ஸ்கேன் அறையில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தேன்மொழி (கரூர்):
என் கணவரும் நாத்தனாரும் சேர்ந்து போய் மாப்பிள்ளையிடம் பேசினார்கள். அவர் இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்றார். மூன்றாம் நாள் டாக்டரின் பெயரைக் கேட்டு வாங்கியிருக்கிறார், தானும் பார்த்துப் பேச வேண்டுமாம். முடிவு என்ன ஆனாலும் மருந்து மாற்றம் நடக்கும். எல்லோருக்கும் நன்றி.

வயற்காடு:
மருந்து மாத்திரையையே பேசுகிறீர்கள். நாங்கள் பருத்திக்கும் கத்தரிக்கும் அடிக்கும் மருந்து? என் மனைவி மூன்று மாதம். பக்கத்து வயலில் அடித்தால் காற்று எங்கள் திண்ணைக்குத்தான் வருகிறது.

பழங்கணக்கு:
ஜப்பானின் மினமாட்டா பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிஸ்ஸோ ஆலை கடலில் விட்ட கழிவில் மெத்தில் பாதரசம், அது மீனில் ஏறியது, மீன் தின்ற மக்கள் கைகால் இழுத்துச் செத்தார்கள். 1956 மே மாதம் நோய் வெளியே வந்தது. நச்சு எதுவும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகாது என்று அன்றைய மருத்துவம் நம்பியது. அதனால் அங்கே மூளை முடங்கிப் பிறந்த குழந்தைகளை வேறு நோய் என்று தள்ளிவைத்தார்கள். தாய்க்கோ பெரிதாக ஒன்றும் இல்லை. மசாஸுமி ஹராடா என்ற மருத்துவர் அந்தத் தாய்மாரின் பேச்சைக் கேட்டார்: என் உடம்பிலிருந்த விஷத்தையெல்லாம் இந்தக் குழந்தை வாங்கிக்கொண்டது, இது எங்கள் குலச்செல்வம் என்றார்கள். 1962இல் அதுவும் மினமாட்டா நோய்தான் என்று ஏற்கப்பட்டது. நம் பக்கம் தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைப்பதுபோல் அங்கும் பெட்டியில் வைத்துக் காப்பார்கள். பின்னாளில் அந்தக் காய்ந்த கொடிகளை வாங்கிச் சோதித்தபோது பாதரசம் இருந்தது. ஆலை அந்தக் கழிவை நிறுத்தியது 1968இல்.

நமக்கு அருகே கேரளத்தின் காசர்கோடு. அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்தது. 2017இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. எந்தக் குறைக்கு எண்டோசல்பான் காரணம், எதற்கு இல்லை என்று விஞ்ஞானிகளிடையே இன்றும் சண்டை நடக்கிறது. முன்பே பிறப்புப் பதிவேடு வைத்திருந்தால் அந்தச் சண்டைக்கு வேலை இருந்திருக்காது.

வைகைவாசி:
வயற்காடு தம்பிக்கு: பயப்பட்டு ஸ்கேன்மேல் ஸ்கேன் எடுக்க வேண்டாம். மருந்து கலக்கும் வேலையிலும், அடித்த துணியைத் துவைக்கும் வேலையிலும் மனைவியை விடாதீர்கள். அந்தத் துணியை வேறாக வைத்து நீங்களே துவையுங்கள். தெளிக்கும் நாளில் கதவை அடைத்துவிட்டு இரண்டு தெரு தள்ளி உறவினர் வீட்டில் இருக்கட்டும். மருந்து டப்பாவில் தண்ணீர், தானியம் எதையும் வைக்காதீர்கள். ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

கதிரவன்.செ:
ஆண்கள் வால்ப்ரோயேட் சாப்பிட்டால்?

வைகைவாசி:
2024 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை ஒரு முன்னெச்சரிக்கை கொடுத்தது. கருத்தரிப்புக்கு முந்திய மூன்று மாதங்களில் தந்தை சாப்பிட்டிருந்தால், குழந்தையின் மூளை வளர்ச்சிப் பிரச்சினை 100க்கு 5 அளவில், லாமோட்ரிஜின் அல்லது லெவெடிரசெட்டாம் சாப்பிட்டிருந்தால் 3 அளவில். தாய் சாப்பிடும்போது வரும் ஆபத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. காரணம் மருந்துதானா என்பது இன்னும் முடிவாகவில்லை. டாக்டரிடம் பேசுங்கள், நிறுத்த வேண்டாம்.

சுந்தர்_திருச்சி:
கல்லூரி மாணவன். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறேன். எனக்குப் பிரச்சினை இல்லை அல்லவா? நாளை மறுநாள் கல்லூரியில் ரத்ததான முகாம். என் அக்காவும் என் அட்டையிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறாள், அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்.

சீட்டுமணி:
தம்பி, இதைப் படித்தவுடன் அக்காவுக்குப் போன் செய்யுங்கள். இந்த மாத்திரையில் கர்ப்பமானால் குழந்தையின் காது, இதயம், மூளை பாதிக்கப்படலாம். ஒரு மாத்திரைகூட இனிச் சாப்பிடக் கூடாது. வலிப்பு மாத்திரைபோல் இதற்குப் படிப்படி எல்லாம் இல்லை, இன்றே நிறுத்தலாம். நிறுத்தியபின் ஒரு மாதம் முடியும்வரை கர்ப்பம் கூடாது. நாள் தள்ளிப்போயிருந்தால் நாளையே மகப்பேறு டாக்டரைப் பார்க்கட்டும்.

நீங்கள் சாப்பிடுவதால் உங்கள் பிள்ளைக்கு ஆபத்து வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் முகாமில் ரத்தம் கொடுக்காதீர்கள். உங்கள் ரத்தம் எந்தக் கர்ப்பிணிக்கு ஏறும் என்று யாருக்கும் தெரியாது. கடைசி மாத்திரையிலிருந்து ஒரு மாதம் கழித்துக் கொடுக்கலாம்.

சுந்தர்_திருச்சி:
பேசிவிட்டேன். தீபாவளிக்கு முகம் தெளிவாக வேண்டும் என்று மூன்று வாரமாகச் சாப்பிட்டாளாம். நாள் தள்ளவில்லை என்கிறாள். அட்டையை என் அறையிலேயே பூட்டி வைத்துவிட்டேன். சொரியாசிஸுக்கு அசிட்ரெட்டின் சாப்பிடும் நண்பன் ஒருவனும் முகாமுக்கு வருகிறான், அவனுக்கும் ஒரு மாதம்தானா?

சீட்டுமணி:
இல்லை. அது உடம்பில் வெகுநாள் தங்கும், சாராயம் சேர்ந்தால் இன்னும் அதிகம். அவன் நிறுத்தியபின் மூன்று ஆண்டு.